கூக்கால் கூடத்தில் நீ உட்காரும் மூலை

இன்றைக்கும் ஸ்வெட்டரைக் கழற்றும்போது பூண்டு வாசம் மூக்கில் ஏறியது. கூக்காலில் நாம் பிள்ளைகளை விளையாட வைக்கிற ஊர்க்கூடத்தில், அறுவடை முடிந்ததும் மேலே கம்பு கட்டிப் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். உனக்குத் தெரியாததா? ஒரு சனிக்கிழமை அங்கே இருந்துவிட்டு வந்தால் துணி, தலைமுடி, கயிற்றுப் பை, விசில் எல்லாம் பூண்டு. "ஏ புள்ள, இன்னிக்குக் கொழம்புக்குப் பூண்டு உரிக்க வேணாம், ஒன் சட்டையப் புழிஞ்சா போதும்" என்பாய். அப்போது எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு ஸ்வெட்டரைத் துவைக்கப் போட மனம் வரவில்லை. நாற்காலியில் மாட்டிவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பெருமாள்மலையில் மழை பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டில் டிவி ஓடுகிறது. பேச ஆளில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

ஜோதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மதுரை ஆஸ்பத்திரியில் குரல் அடங்குவதற்கு முன்னால் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். உன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. "கூக்கால்ல அந்த ஜோதிய மட்டும் விட்றாத புள்ள. அது ஆடாட்டியும் பரவால்ல, வந்துக்கிட்டு இருக்கட்டும்" என்றாய். நானும் பெரிய இவளாட்டம், "அத நான் பாத்துக்கிறேன், நீ வாய மூடிக்கிட்டுப் படு" என்றேன். நீயும் வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டாய். நல்லா இருக்குடி ஒன் நியாயம்.

நீ போனபின் ஜோதி இன்னும் சுருங்கிப்போனாள். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று போனவள் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அப்பா வெள்ளனே பூண்டுக் காட்டுக்குப் போனால் இருட்டித்தான் வீட்டுக்கு வருகிறார், வந்தாலும் பேசுகிற ஆளில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, முதலில் பள்ளியில் பேச்சை நிறுத்தினாள், பிறகு பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டாள். இந்த வருடம் முடிந்ததும் மலைக்குக் கீழே, கீழ்நாட்டு மில் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியை ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஒங்க ஆட்டத்துக்கு மட்டுந்தாங்க வருது. அதுவும் நின்னுச்சுன்னா அவ்வளவுதான், அத நாம மறந்துற வேண்டியதுதான்" என்றார்.

அப்போது எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. எதற்கென்று கேட்டால், வடகவுஞ்சியில் உனக்குக் கால் சுளுக்கியதற்கு என்றுதான் சொல்வேன். எல்லாம் அங்கேதானே ஆரம்பித்தது.

நாம் இந்த வேலைக்கு வந்த புதிது அது. ஒரு பை நிறையக் கயிறும் பந்தும் சாக்கும் கொடுத்து, பிள்ளைகளை ஆடவையுங்கள், ஆட்டத்தில் மனசு இளகும், படிப்பும் ஏறும் என்று நம் தொண்டு நிறுவன ஆபீசில் அனுப்பிவிட்டார்கள். நாம் இருவருமே டீச்சர் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டதும் நமக்குத் தலை கால் புரியவில்லை. இருவரும் விசில் ஊதுவோம், இருவரும் ஓடுவோம், இருவரும் கத்துவோம். சந்தைக்கடை தோற்றது போ.

வடகவுஞ்சிக்குக் கீழே, காட்டை ஒட்டிய குடியிருப்பில் கண்கட்டு ஆட்டம் வைத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டவர் கல், கட்டை, கயிறு எதிலும் இடிக்காமல் நடக்க வேண்டும், ஜோடியாக வந்தவர் குரல் கொடுத்து வழி சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. "சத்தமாச் சொல்லுலே! எடது வலதுன்னு சொல்லு! கூச்சப்படாத!" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பாவம், பயந்த பிள்ளைகள், தன்னம்பிக்கையே இல்லை, இங்கே நிறைய வேலை இருக்கிறது என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிட்டேன். அன்றைக்கு உனக்குக் கால் சுளுக்கு. மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பும்போது பஸ்சில் சொன்னாய். "ஏ புள்ள, நீ கத்துனதத் தவிர அங்க ஒரு கொறையும் இல்ல."

"என்னது?"

"ஒருத்தராச்சும் கல்லுல இடிச்சாங்களா? இல்லல்ல? நாக்கத் தட்டி மெதுவா ஒரு சத்தம் குடுக்குதுங்க, காலால சருக தேக்குதுங்க. கண்ணு கட்டுனது அதக் கேட்டுக்கிட்டு சல்லுன்னு போகுது. காட்டுக்குள்ள கூவிக்கிட்டா போவாங்க? காட்டுமாடு நிக்கும், ஆனை நிக்கும்னு சின்னதுலயே சொல்லி வளத்திருப்பாங்க. நீ நடுவுல நின்னு, சத்தமாச் சொல்லு சத்தமாச் சொல்லுன்னா அதுங்க என்ன செய்யும்? நீ இருக்கியே!"

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். அந்த வாரமே கொடைக்கானல் பள்ளி ஒன்றில் அதே ஆட்டத்தைச் சத்தமில்லாமல் வைத்தோம். டவுன் பிள்ளைகள் 'லெஃப்ட், ரைட்' என்று கத்த முடியாமல் திணறி, ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். வகுப்பில் யாருமே கண்டுகொள்ளாத ஒரு ஊமைக்கோட்டான்தான் அன்றைக்குத் தன் ஜோடியைச் சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அன்றிலிருந்து நமக்கு அதுவே முறை ஆகிவிட்டது. ஒருத்தி ஆட வைக்க, ஒருத்தி உட்கார்ந்து பார்க்க. எனக்குத் தொண்டை உண்டு, அதனால் விசில் எனக்கு. உனக்கும் ஆடத்தான் ஆசை, எனக்குத் தெரியும். சாக்கை மடித்து மடித்துச் சின்னதாக்கி, அதன் மேல் எல்லாரும் விழாமல் நிற்கும் ஆட்டம் வந்தால் உன் கால் பரபரக்கும். ஆனாலும் போய் உட்கார்ந்துவிடுவாய். ஒவ்வோர் ஊரிலும் உனக்கென்று ஒரு மூலை. கூக்காலில் கதவை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே, கவிழ்த்துப்போட்ட கேரட் பெட்டி.

ஆட்டம் முடிந்ததும் ஏரிக்கரை பஸ் ஸ்டாப். கடையில் உனக்கு ப்ளேன்டீ, எனக்குப் பால் டீ. அக்கரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து கப்பலேறி இங்கே வந்தது உன் அம்மாதான். ஆனால் 'தேத்தண்ணிக்குப் பால ஊத்திக் கெடுக்காத' என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது மட்டும் நீ. பஸ் வரும் வரைக்கும் பார்த்ததையெல்லாம் கொட்டுவாய். "அந்தப் பெரியவன் இன்னிக்குச் சிரிச்சது சிரிப்பே இல்ல புள்ள. வீட்ல என்னமோ நடந்திருக்கு." "அந்தச் சின்னது பசியோட வந்திருக்கு. தரையில ஊர்ப்படம் போடுறப்ப வீட்டுக்கு அடையாளமா வைக்கக் குடுத்த உருளைக்கெழங்க மோந்து பாத்துச்சு, கவனிச்சியா?" நான் எங்கே கவனித்தேன்? நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை வைத்துத்தான் அடுத்த வாரத்து ஆட்டம். அடுத்த வாரம் பயறு அவித்துக் கொண்டுபோய், அதை ஆளுக்கு ஒரு கிண்ணமாகப் பங்கு போடுவதையே பின்னக் கணக்காக்கினோம். கணக்கும் ஆனது, வயிறும் நிறைந்தது.

ஜோதி அப்போது நன்றாக ஆடுவாள், நினைவிருக்கிறதா? கழித்தல் எண் எவருக்கும் மண்டையில் ஏறவில்லை என்று அடுக்கு வயலுக்குக் கூட்டிப்போனோமே. ரோடு பூஜ்யம், மேலே ஏறினால் கூட்டல், கீழே இறங்கினால் கழித்தல். "மைனஸ் மூணுலருந்து அஞ்சு ஏறு!" என்று நான் கத்துவதற்குள் அவள் வரப்பு வரப்பாகத் தாவி ரோட்டைத் தாண்டி மேலே இரண்டாவது அடுக்கில் நின்று கையாட்டுவாள். பாவாடை முழுக்கச் சேறு. அவள் அம்மா தூரத்து வயலில் நிமிர்ந்து நின்று, "ஏலா, கால ஒடிச்சுக்கிறாத!" என்று சத்தம் போட்டது கூட எனக்குக் காதில் இருக்கிறது. அந்த அம்மாதான் திருப்பூருக்குப் போனது. அதன் பிறகு நீயும் படுத்துவிட்டாய்.

நீ இல்லாமல் முதல் முறை கூக்கால் போனபோது ஆபீசில் வேறொரு பெண்ணை என்னோடு அனுப்பப் பார்த்தார்கள். "ஒருத்தரும் வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்று வெட்டிவிட்டேன். என் வாய்க்கு ஆபீசில் பயம் உண்டே, பேசாமல் விட்டுவிட்டார்கள். பஸ்சில் பக்கத்து சீட்டில் கயிற்றுப் பையை வைத்துக்கொண்டு போனேன். யாராவது வந்து "இங்க ஆளு வருதா?" என்று கேட்டால், வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பைத்தியக்காரத்தனம்தான். நின்றுகொண்டு வருகிற மனிதர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

ஜோதி வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். ஆனால் ஆட்டத்துக்குள் வரவில்லை. நேராகப் போய் உன் மூலையில், அந்தக் கேரட் பெட்டியில் உட்கார்ந்துகொண்டாள். "ஜோதி, வாம்மா" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கூப்பிடுவேன். ஆட்டத்தை மாற்றிப் பார்த்தேன். புள்ளி போடும் வேலை கொடுத்தேன், விசிலையே கொடுத்தனுப்பினேன், அதை அவள் அடுத்த பிள்ளையிடம் தந்துவிட்டாள். ஆட்டம் முடிந்தால் என் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவாள். கடைத் தூணில் சாய்ந்து நிற்பாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் வந்ததும் அவள் திரும்பிப் போய்விடுவாள். வீடு அந்தப் பக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் சில வாரம் அவளைக் காணவில்லை. அத்தையைக் கேட்டதற்கு, "மில்லுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, இனி அவளுக்கு எதுக்கு டீச்சர் வெளையாட்டு?" என்றது. நீ ஒன்றே ஒன்று கேட்டாய், அதையும் கோட்டை விட்டுவிட்டேன் என்று அன்றைக்கு பஸ்சில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் கண்டும் காணாதது போல டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு வந்துவிட்டாள். ஆட்டம் பாதி போய்க்கொண்டிருந்தபோது வந்து, பழையபடி மூலையில் உட்கார்ந்தாள். பழையபடி கூப்பிட்டேன், பழையபடி வரவில்லை. பழையபடி பஸ் ஸ்டாப்புக்கு என் பின்னாலேயே வந்தாள். கடைத் தூணில் சாய்ந்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "ஆடவும் மாட்டேங்கிற, பேசவும் மாட்டேங்கிற, எதுக்குத்தாண்டி வர்ற நீ?" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். இந்த வேலையில் இருக்கும் எவளும் ஒரு பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி.

அவள் அழவில்லை. நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க என்னயக் கேப்பீங்கன்னுதான் டீச்சர்."

"என்னத்தக் கேக்க?"

"என்ன பாத்தேன்னு."

அவளே சொன்னாள். "அந்த டீச்சரு அங்ஙன ஒக்காந்து பாப்பாங்கல்ல. பொறவு நீங்க ரெண்டு பேரும் இங்ஙன நின்னு, பஸ்சு வர்ற வரைக்கும் எங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பீங்க. நான் கடைக்குச் சீனி வாங்க வர்றப்ப கேட்டிருக்கேன். அவங்க போனப்பறம் அந்த எடம் சும்மா கெடந்துச்சு. யாராச்சும் பாக்கணும்ல டீச்சர்? அதான் நான் ஒக்காந்தேன். ஒவ்வொரு வாரமும் இங்ஙன வந்து நிப்பேன். நீங்க கேக்கவே இல்ல."

அவள் அதோடு விடவில்லை.

"நீங்க என் பேரச் சொல்லிக் கூப்புடுவீங்க. ஆனா நான் இருக்குற பக்கம் பாத்துக் கூப்புட்டதே இல்ல டீச்சர். செவத்தப் பாத்துக்கிட்டே ஜோதி வாம்மாம்பீங்க."

உண்மைதான். நீ போன நாளிலிருந்து நான் அந்த மூலைப் பக்கம் திரும்புவதே இல்லை. பிள்ளைகளை வட்டமாக நிறுத்துவதைக்கூட எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டிருக்கிறேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லித்தான் எனக்கே அது தெரிந்தது. உன்னைப் பார்க்க முடியாது என்று திரும்பி நின்று, நீ விடாதே என்று சொன்ன பிள்ளையை இத்தனை மாதமாக என் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இடத்தைக் காட்டி, "சரி, இப்பக் கேக்குறேன். என்ன பாத்த?" என்றேன்.

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி கொட்டினாள். இன்றைக்குப் பார்த்ததை மட்டுமா? இத்தனை வாரமாகப் பார்த்த அத்தனையும். கடைசி வீட்டுப் பையன் சாக்கு ஆட்டத்தில் வேண்டுமென்றே முதலில் விழுகிறான், யாரும் தன்னைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் தானே விழுந்துவிட்டால் வலிக்காது என்று. இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பலகை எழுத்து தெரியவில்லை, மற்றவள் அவள் முதுகில் விரலால் எழுதிக் காட்டுகிறாள். "அதுக்குக் கண்ணாடி போடணும் டீச்சர், வெரசாப் போடணும்." நான் வட்டத்தை எண்ணும்போது ஓர் ஆளைக் கூடுதலாக எண்ணிவிட்டு, பிறகு குறைத்துக்கொள்கிறேன் என்றாள். அந்தக் கூடுதல் ஆள் நீதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

நடுவே கொடைக்கானல் பஸ் வந்து நின்றது. "டீச்சர், ஏறலையா? இத விட்டா கடைசி வண்டிதான்" என்றார் கண்டக்டர். "நீங்க போங்கண்ணே" என்று கையைக் காட்டினேன். நான் கேட்காமலே கடைக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஜோதி அந்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்க மறந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

பேசி ஓய்ந்தபின் கேட்டேன். "மில்லுக்குப் போகச் சொல்றாங்களாமே. அத்தைட்ட என்ன சொல்லப் போற?"

டீயைக் கீழே வைத்தாள். "மில்லுல சனிக்கெழமயெல்லாம் லீவு கெடையாதாம். எனக்குச் சனிக்கெழம இங்ஙன சோலி இருக்குன்னு சொல்லுவேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோலியைச் சொன்னால் அத்தை கேட்காது, திங்கட்கிழமை நானே வந்து அவள் அப்பாவிடம் பேசுகிறேன், ஆனால் அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றேன். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ கிளாசைக் கழுவிக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தாள். வருவாளா என்று எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அந்த அப்பா என்ன சொல்வார் என்பதும் தெரியாது. நீ இருந்தால், "அதெல்லாம் நடக்கும், நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகாத, அது போதும்" என்பாய்.

கடைசி வண்டி வளைவில் ஹாரன் அடித்தது. நான் பையை எடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த டீச்சரு என்னயப் பத்தி என்ன சொன்னாங்க?"

நீ சொன்னதெல்லாம் எனக்கு மறக்கவில்லையடி. நாம் இருவரும் ஆட்டத்துக்கு நடுவிலேயே கடுகடுவென்று இருந்த ஒரு நாள், பஸ்சில் சமாதானமானதும் சொன்னாய். "மத்ததெல்லாம் ஆட்டத்தப் பாக்குது. அந்த ஜோதி இருக்கே, அது நம்மளப் பாக்குது புள்ள. நமக்குள்ள சண்டையா சமாதானமான்னு கணக்குப் பாக்குது. அம்மா போன நாள்லருந்து அதுக்கு, அடுத்து யாரு விட்டுட்டுப் போவாங்கன்னே கண்ணு." முதல் பாதியை மட்டும் அவளிடம் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் சட்டென்று திரும்பினாள். "நெசமாவா? சொன்னாங்களா?" என்றாள். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டதான போட்டீங்க? எனக்குத் தெரியும்!" என்று சிரித்தாள். அவள் அம்மா போனபின் அவள் பல்லை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பஸ்சில் ஏறிவிட்டேன், ஜன்னலுக்குக் கீழேயே ஓடிவந்தாள். "இன்னும் என்னல்லாம் சொன்னாங்க டீச்சர்?"

"அடுத்த சனிக்கெழம வா, சொல்றேன்" என்றேன்.

வண்டியில் கூட்டமே இல்லை. வழியெல்லாம் பனி. இன்றைக்கு உனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, கேட்கத்தான் நீ இல்லை. பெருமாள்மலையில் இறங்கி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, இந்த நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தேன். ஜோதியைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் அதிகமில்லை. சனிக்கிழமைக்கு ஒன்றாகச் சொன்னாலும் கோடை வரும் முன்னே தீர்ந்துவிடும். உன் குரலில் இந்த வீட்டில் மிச்சமிருப்பது அதுதான். சொல்லித் தீர்த்துவிட்டால் நீ முழுசாகப் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்லிவிடுவேன். அவள் கேட்கிறாளே.